நீலக் குளமும் பச்சைத் தலையும்

“பச்சையா இருக்கு மாஸ்டர். லேசா இல்ல, கொத்தமல்லிச் சட்னி மாதிரி இருக்கு.”

ஆவுடையப்பன் தலையில் சுற்றியிருந்த துண்டை உருவினார். நரைத்த தலை மொத்தமும் பச்சை. மீசை ஓரத்திலும் பச்சை.

ஜெசிந்தா மாஸ்டர் கிட்ட வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்கே பெரிய மனசு வேண்டும்.

“எப்ப பாத்தீங்க அண்ணாச்சி?”

“நான் எங்க பாத்தேன்? டை அடிக்கிறத விட்டதுல இருந்து கண்ணாடியே பாக்கதில்ல. காலையில வீட்டுக்காரி பாத்துட்டு அலறுதா. நாளைக்கு மகளுக்கு நிச்சயதார்த்தம். இந்தத் தலையோடயா தட்டு மாத்த?”

கல்யாண மண்டபம் அவருடையது. பின்னால் இருக்கும் நீச்சல் குளமும் அவருடையதுதான். ஆனால் தண்ணீர் என்றால் பயம். தன் வயதில் பாதிகூட இல்லாத ஜெசிந்தா அங்கே பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க வந்தபோது, வெட்கத்தை விட்டு அவரும் வரிசையில் போய் நின்றார். தண்ணீருக்குள் கண்ணைத் திறக்கச் சொன்னார் மாஸ்டர். அவர் திறக்கவே ஒரு மாதம் ஆனது.

“குளோரின்தான? நீங்கதான் அள்ளிப் போட்டிருக்கீங்க.”

“குளோரின் வெளுக்கும் அண்ணாச்சி. பச்சையாக்காது. நீங்க என்ன போட்டீங்க?”

“நான் ஒண்ணும் போடல.”

மாஸ்டர் குளத்தைப் பார்த்தார். பாசி ஒரு பொட்டு இல்லை. அப்படி ஒரு நீலம்.

“கொஞ்சம் மயில்துத்தம்,” என்றார் ஆவுடையப்பன்.

“எவ்வளவு கொஞ்சம்?”

“பாசி போற வரைக்கும்.”

“பாசி போயி எத்தனையோ நாளாச்சே.”

“அப்புறம் நீலம் நல்லா இருந்துச்சு.”

“மயில்துத்தத்துல இருக்கது தாமிரம் அண்ணாச்சி. அதான் முடியில ஏறியிருக்கு.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்படின்னா எல்லாருக்கும்ல ஏறணும்? இத்தனை பிள்ளைங்க காலையும் சாயங்காலமும் இதுலதான் கெடக்கு. ஒண்ணுக்காவது தலை பச்சையா இருக்கா? என்னைய மட்டும் ஏன் பிடிச்சிச்சு?”

மாஸ்டர் ரப்பர் தொப்பியைக் கழற்றினார். காதுக்குப் பின்னால் முடியை விலக்கித் தேடினார். ஒன்றைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

பச்சை.

“உங்களுக்குமா?”

“எனக்கு நரைச்சது இது ஒண்ணுதான்.”

ஆவுடையப்பன் குளத்தைப் பார்த்தார். நீந்திக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் வாய் நிறையத் தண்ணீரை மொண்டு இன்னொருவன் முகத்தில் துப்பினான். அவன் திருப்பித் துப்பினான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“அவங்களுக்கும் ஏறியிருக்குமா?”

“எல்லாம் கறுப்பு முடி அண்ணாச்சி.”

மாஸ்டர் விசில் ஊதினார். பிள்ளைகள் முனகிக்கொண்டே கரையேறினார்கள்.

“தண்ணிய மாத்தணும்,” என்றார் மாஸ்டர்.

“இன்னைக்கா? குளத்தங்கரையிலதான மேடை போட்டிருக்கு. மாப்பிள்ளையோட அம்மா போட்டோவுல இந்த நீலத்தைப் பாத்துட்டுத்தான், மண்டபத்துக்குள்ள வேண்டாம், இங்கயே வைங்கன்னு கேட்டாங்க.”

“அப்ப விசேஷம் முடிஞ்சு மாத்துங்க. அது வரைக்கும் பிள்ளைங்களை நான் இறக்க மாட்டேன்.”

விருந்துக்கு வந்திருந்த கூடையிலிருந்து கை நிறைய எலுமிச்சம்பழம் எடுத்து அவரிடம் கொடுத்தார்.

“முதல்ல போய்த் தலையக் கழுவுங்க. சாறு தேய்ச்சு, ஊற வச்சு, அலசுங்க. ரெண்டு மூணு தடவை தேய்க்கணும்.”

“போயிருமா?”

“போயிரும்.”

“நாளைக்கு யாருக்கும் தெரியாதே?”

“யாருக்கும் தெரியாது அண்ணாச்சி.”

ஆவுடையப்பன் பழங்களை மடியில் கட்டிக்கொண்டு நின்றார். குளத்தைப் பார்த்தார். துவட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை. விறுவிறுவென்று மோட்டார் ரூமுக்குள் போனார். அடிவால்வு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் தொங்கித் திருப்பினார். பின்னால் இருந்த பொட்டலில் தண்ணீர் இரைந்துகொண்டு பாய்ந்தது.

பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோர் ஒவ்வொருவரிடமும் துண்டில்லாத தலையைக் குனிந்து காட்டினார். “உங்க பிள்ளைங்க முடியிலயும் இது ஏறியிருக்கும், கறுப்புல தெரியல,” என்றார். சிலர் சிரித்தார்கள். சிலர் சண்டைக்கே வந்தார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. குளம் காலி. அடியில் ஒரு ஒற்றைச் செருப்பு கிடந்தது. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, பச்சைத் தலையோடு ஆவுடையப்பன் வாசலில் நின்றார். பக்கத்தில் அவர் மனைவி செண்பகம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி எங்க?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“திறந்து விட்டுட்டேன் மதினி. கெட்டுப்போச்சு.”

“போட்டோவுல நல்லா இருந்துச்சே.”

“நல்லாத்தான் இருந்துச்சு.” தலையைத் தொட்டுக் காட்டினார். “இது அந்தத் தண்ணிதான். அதுல நான்தான் மருந்தைக் கொட்டுனேன்.”

அந்த அம்மாள் தலையைப் பார்த்தார், காலிக் குளத்தைப் பார்த்தார், திரும்பவும் தலையைப் பார்த்தார்.

“சரி, பொண்ணக் கூப்பிடுங்க. நல்ல நேரம் போகுது.”

ஆவுடையப்பன் மடியில் கட்டியிருந்த நேற்றைய பழங்களை அவிழ்த்தார். வந்த பெரியவர்கள் ஒவ்வொருவர் கையிலும் மரியாதையாக ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்.

ஓரத்தில் நின்ற மாஸ்டர் அவர் பக்கத்தில் வந்து, மெதுவாகச் சொன்னார்: “தலையக் கழுவச் சொன்னேனே அண்ணாச்சி.”

ஆவுடையப்பன் மிச்சம் இருந்த ஒரு பழத்தை மாஸ்டர் கையில் வைத்தார்.