மூணு பேருக்கும் சேர்த்து ஒரு சோணைமுத்து

கோரைப்பட்டியில் இருளப்பன், முத்திருளாண்டி, சோணைமுத்து என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்ததாகச் சிலர் சொல்வார்கள். ஊரில் அவ்வளவு தாராளமாகப் பேசுகிறவர்கள் குறைவு.

அவர்களுடைய கடலைக்காட்டுக்குள் பக்கத்துக் காட்டு வெள்ளைக்கண்ணு எல்லைக்கல்லைத் தள்ளித் தள்ளி நட்டுக்கொண்டே வந்தார். இப்படியே போனால் காடு வரப்பாகிவிடும். சர்வேயரைக் கூப்பிட்டு அளக்க வேண்டும், அதற்குத் தாலுகா ஆபீசுக்கு அலைய வேண்டும். மூவரும் கிளம்பினால் சினை எருமையை யார் பார்ப்பது?

"ஒருத்தன் பேருக்குப் பவர் எழுதிக் கொடுத்துடுங்கப்பா" என்றார் டீக்கடைக்காரர்.

கடைக்குட்டி சோணைமுத்து பேருக்கு எழுதுவதென்று முடிவாகி, நோட்டரி வக்கீல் ஞானதிரவியத்திடம் போனார்கள். அவர் பத்திரத்தை அடித்து வைத்துவிட்டு, "உங்களை நல்லாத் தெரிஞ்ச ரெண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

வெளியே வந்து ஆலோசனை நடந்தது.

"நம்மளை நல்லாத் தெரிஞ்சது எருமைதான். இருட்டுலகூட வாசனையிலேயே கண்டுபிடிச்சிடும்" என்றார் மூத்தவர் இருளப்பன்.

"அதுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதே அண்ணே" என்றான் முத்திருளாண்டி.

"கைநாட்டு வைக்கட்டும்."

"அது குளம்புநாட்டுல்ல ஆகும்? செல்லுமோ என்னமோ."

சோணைமுத்துதான் வழி சொன்னான். "வெள்ளைக்கண்ணு இருக்காரே அண்ணே! நம்மளை நல்லாத் தெரிஞ்சதாலதானே அவ்வளவு தைரியமா கல்லை நகர்த்துறாரு."

இது நியாயமாகப் பட்டது. பிரியாணி உண்டு என்றதும் வெள்ளைக்கண்ணு தன் மச்சானையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"முதல்ல பவர் கொடுக்கிறவங்க என் கண்ணு முன்னாடி கையெழுத்துப் போடுங்க" என்றார் வக்கீல்.

இருளப்பன் பத்திரத்தை எடுத்து வக்கீலின் மூக்குக்கண்ணாடிமேல் வைத்து அழுத்தி எழுத ஆரம்பித்தார். முதல் எழுத்திலேயே கண்ணாடி கீழே விழுந்தது.

"அசையாதீங்க சார். 'இ'தான் முடிஞ்சிருக்கு, 'ருளப்பன்' பாக்கி இருக்கு."

ஒருவழியாக எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். வெள்ளைக்கண்ணு பிரியாணி ஞாபகத்தில் எதையும் படிக்கவில்லை. வக்கீல் முத்திரையைக் குத்திவிட்டுச் சொன்னார்: "இனிமே சோணைமுத்து செய்றதெல்லாம் நீங்களே செஞ்ச மாதிரி. புரியுதா?"

"நல்லாப் புரியுது சார்" என்றார்கள் அண்ணன்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வீட்டில் சோற்றுச் சட்டியில் கைவைக்கப் போன முத்திருளாண்டியை இருளப்பன் தடுத்தார்.

"தம்பி சாப்பிட்டுட்டான்ல? அப்ப நாமளும் சாப்பிட்டாச்சு."

"எனக்குப் பசிக்குதே அண்ணே."

"பசிக்கக் கூடாதுடா. அது பத்திரத்துக்கு விரோதம்."

சோணைமுத்து பொறுப்பானவன். அண்ணன்கள் பட்டினி கிடக்கக் கூடாதே என்று மூன்று பேர் சோற்றையும் தானே கஷ்டப்பட்டுத் தின்றான். மறுநாள் காலை கொல்லைப்பக்கமும் மூன்று தடவை போய்வந்தான். 'குடிக்கிறது சாப்பாட்டுக் கணக்கில் வராது' என்று இருளப்பன் தீர்ப்புச் சொன்னதால், அண்ணன்கள் கஞ்சித்தண்ணியில் உயிரைப் பிடித்துவைத்திருந்தார்கள்.

நல்லவேளை, சர்வேயர் சீக்கிரமே வந்தார். சோணைமுத்து நீட்டிய பத்திரத்தைப் புரட்டியவர் வெள்ளைக்கண்ணுவை நிமிர்ந்து பார்த்தார்.

"காட்டோட நாலு எல்லையும் இதுல தெளிவா எழுதியிருக்கே. சாட்சிக் கையெழுத்து உங்களோடதுதானே?"

வெள்ளைக்கண்ணுவுக்குத் தின்ற பிரியாணி நெஞ்சுக்கு வந்தது. அளந்ததும் கல் பழைய இடத்துக்கே திரும்பியது.

காடு கிடைத்தாயிற்று, பவரை ரத்துப் பண்ணினால் சோறும் கிடைக்கும். வக்கீலுக்குப் போன் போட்டார்கள். "பவர் கொடுத்த ரெண்டு பேரும் நேர்ல வரணும்" என்றார் அவர்.

"அதுக்கென்ன, நீ போனா நாங்க போன மாதிரிதானே" என்று இருளப்பன் தம்பியை மட்டும் பஸ் ஏற்றிவிட்டார்.

சோணைமுத்து வக்கீல் முன்னால் போய் உட்கார்ந்தான்.

"அண்ணன்கள் எங்கப்பா?"

"வந்துட்டாங்க சார்."

வக்கீல் பக்கத்திலிருந்த இரண்டு காலி நாற்காலிகளையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி டிராயருக்குள் வைத்தார். "ரத்துக்குச் சம்மதமான்னு அவங்களே சொல்லட்டும்."

சோணைமுத்து எழுந்து அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, குரலைக் கனமாக்கிக்கொண்டு, "சம்மதம் சார்" என்றான்.

பிறகு மூன்றாவது நாற்காலிக்கு நகர்ந்தான்.

"எனக்கும் சம்மதம்தான் சார். ஆனா இந்தத் தம்பிப் பய இன்னைக்குச் சாப்பிடாமலே வந்துட்டான். மூணு பேரும் பட்டினி."