நசுங்காத எலுமிச்சம்பழம்

காசிருந்தால் இன்ஜின் வாங்கலாம், புத்தியை எந்தக் கடையில் வாங்குவது? கோயம்புத்தூர் மில் முதலாளி சென்னியப்பன் தன் பந்தயக் காருக்கு லாரியை இழுக்கிற இன்ஜினைப் போட்டார். பின் அச்சும் அதைச் சுழற்றும் ஷாஃப்டும் மட்டும் பழசு. ஒவ்வொரு பந்தயத்திலும் கிளம்பும்போதே அச்சு முறிந்தது.

“எல்லாம் கண் திருஷ்டி. இதே அச்சை முறியாமப் பண்ணு!”

மெக்கானிக் காளீஸ்வரிக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. “இன்ஜின் இழுக்கறதை அச்சு தாங்கோணுமுங்க.”

“எனக்கே பாடமா?”

அடுத்த பந்தயத்தில், முன்சக்கரத்தை ஒட்டி அவள் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தாள். “இது நசுங்குனா திருஷ்டி போச்சுங்க, நானும் அச்சுப் பேச்சை எடுக்க மாட்டேன். நசுங்கலைன்னா அச்சும் ஷாஃப்டும் புதுசு போடோணும். சரிங்களா?”

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, கூட்டமே திரும்பிப் பார்க்கச் சிரித்தார் முதலாளி. “இந்த இன்ஜினுக்கு ஒரு எலுமிச்சம்பழம் நசுங்காதா? சரி!”

பச்சை விளக்கு எரிந்தது. இன்ஜின் உறுமியது. டமார்! அச்சு இரண்டு துண்டு. கார் இம்மியும் நகரவில்லை.

காளீஸ்வரி பழத்தை எடுத்து, துடைத்து, ஜன்னல் வழியாக நீட்டினாள்.

“பழத்துக்கு ஒண்ணும் ஆகலைங்க. ஜூஸ் போடட்டுங்களா, அச்சுப் போடட்டுங்களா?”