புள்ளிகளுக்கு நடுவில் ஓர் ஊர்

வெள்ளத்தின் வகைக்கெழுச் சமன்பாட்டை ஒரே சூத்திரத்தில் தீர்த்துவிட்டதாகத் தலைமைப் பொறியாளருக்குப் பெருமை. ஊரைக் காலி செய்யச் சொல்லுங்கள் என்று கேட்டு வந்தாள், மதகு திறக்கும் தையல்நாயகி.

"ஆத்தோரம் நட்ட ஏழு அளவுகோலிலும் கணக்கு அப்படியே பொருந்துது. ஒரு தப்பு காட்டு, உத்தரவு தர்றேன்."

"இதுல எங்க ஊர் எங்கங்கய்யா?"

பலகையில் ஒட்டியிருந்த வரைபடத்தில் நாலாம் அளவுகோலுக்கும் ஐந்தாம் அளவுகோலுக்கும் நடுவே விரல் வைத்தார். அங்கே நீர்மட்டக் கோடு ஆற்றுப்படுகைக்கும் கீழே இறங்கியிருந்தது.

"அங்க மட்டும் தண்ணி மணலுக்கடியில ஓடுங்களா?"

அவள் அளவுகோல்களைக் குறித்த ஏழு புள்ளியிலும் ஆணி அடித்து, மெல்லிய மூங்கில் பிளாச்சை அவற்றைத் தொட்டபடி வளைத்துவிட்டாள். அவள் ஊருக்கு நேரே பிளாச்சு கரையின் உயரத்தைக் காட்டும் கோட்டைத் தாண்டி எழும்பி நின்றது.

அவர் உத்தரவில் கையெழுத்திட்டார்.

"அளவுகோல்ல யாரும் குடியிருக்கலைங்கய்யா," என்றாள். "பிள்ளைகுட்டியோட நாங்க நடுவுலதான் இருக்கோம்."