மீதி முப்பத்தாறு

கிள்ளானில் டார்ட்ஸ் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். பெயர் சகாயராஜ். அவரிடம் வந்து சேர்ந்தவர்களில் பூபாலன் ஒருவர்தான் மாஸ்டரைவிட வயதில் மூத்தவர், அதுவும் ஒன்பது வயது. சீடர் குருவை மாஸ்டர் என்பார், குரு சீடரை அண்ணே என்பார். புதிதாக மாடியேறி வருகிறவர்கள் இருவரில் யார் மாஸ்டர் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முழிப்பார்கள்.

ஆட்டம் என்னவோ எளிதுதான். ஐந்நூற்று ஒன்றில் தொடங்க வேண்டும். ஒரு முறைக்கு மூன்று குட்டி அம்புகளை வட்டப் பலகையில் எறிய வேண்டும். எடுத்த புள்ளியைக் கழித்துக்கொண்டே வந்து சரியாகச் சுழியத்தில் நிறுத்த வேண்டும். கடைசி அம்பு மட்டும் பலகையின் ஓரத்தில் ஓடும் ஒல்லியான வளையத்தில் விழ வேண்டும். அங்கே விழுந்தால் புள்ளி இரட்டிப்பு, அதற்கு டபுள் என்று பெயர். அந்த வளையம் சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது.

ஆட்டக்காரரை எடை போடுவது சராசரியை வைத்து. மூன்று அம்புக்குச் சராசரியாக எத்தனை புள்ளி என்பதுதான் கணக்கு. தொலைக்காட்சியில் ஆட்டக்காரரின் முகத்துக்குக் கீழே அந்த எண் ஓடும். முகத்தைப் பார்க்காதவர்கள்கூட எண்ணைப் பார்ப்பார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் பூபாலன் லாரி உதிரிபாகக் கிடங்கில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டார். தொழில்முறை ஆட்டக்காரராக வேண்டும். அதற்கு ஒரு கார்டு வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் தகுதிப்போட்டியில் ஜெயித்தால் கார்டு கிடைக்கும். சராசரி தொண்ணூற்றைந்தைத் தாண்டிவிட்டால் கார்டு கையில் வந்த மாதிரிதான் என்று மனைவி மங்களேஸ்வரியிடம் சொன்னார். அந்தக் கணக்கை அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. மங்களேஸ்வரி அதை அப்படியே நம்பினார்.

மங்களேஸ்வரிக்கு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கணவர் வேலையை விட்ட பிறகு பன்னிரண்டு மணி நேர இரவு ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. காலை ஏழரைக்குக் களைத்து வீட்டுக்குள் நுழையும்போது பூபாலன் கூடத்தில் மாட்டிய பலகைக்கு முன்னால் எறிந்துகொண்டிருப்பார். திரும்பாமலேயே அன்றைய எண்ணைச் சொல்வார். மங்களேஸ்வரி சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் போய் அதை நாள்காட்டியில் அன்றைய கட்டத்துக்குள் எழுதி வைப்பார். முதல் வருடம் எண்பது. அடுத்த வருடம் எண்பத்தெட்டு. இந்த வருடம் தொண்ணூற்றைந்து. டார்ட்ஸைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த எண் ஏற ஏற அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். கால் வலியைப் பற்றி அன்றைக்குப் பேச மாட்டார்.

இந்த வருடமும் பூபாலன் தோற்றார். கடைசி ஆட்டத்தில் அவருக்கு முப்பத்திரண்டுதான் மீதி. டபுளைப் பார்த்து எட்டு அம்பு எறிந்தார். எட்டும் வெளியே போயின. பினாங்குக்காரர் ஒருவர் பின்னாலிருந்து நிதானமாக வந்து முடித்துவிட்டுக் கை கொடுத்தார். பூபாலனின் அன்றைய சராசரி எழுபத்தெட்டு என்று தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

அந்தத் தாளையும் நாள்காட்டியையும் மங்களேஸ்வரி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சண்டை போடவில்லை. ஏன் இப்படி என்று மட்டும் கேட்டார்.

அவருக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்து, கிளினிக்கில் இனி நிற்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தொழிற்சாலையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி அடுக்கும் பகல் வேலை ஒன்று காலியாக இருந்தது. வேண்டுமா வேண்டாமா என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அதில் சம்பளம் குறைவு. மங்களேஸ்வரி அங்கே உட்கார்ந்தால் பூபாலன் மறுபடி வேலைக்குப் போக வேண்டும். பூபாலன் இன்னும் ஒரு வருடம் எறிய வேண்டுமென்றால் மங்களேஸ்வரி இன்னும் ஒரு வருடம் நிற்க வேண்டும்.

சனிக்கிழமை பூபாலன் மாஸ்டரிடம் போனார். மாஸ்டர் சன்னலோரம் உட்கார்ந்து அம்பு முனையைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல தொண்ணூத்தஞ்சு வருது மாஸ்டர். அங்க போனா எழுபத்தெட்டு. ஏன்னு மங்களா கேக்கறா. எனக்குப் பதில் தெரியல."

மாஸ்டரின் கை நின்றது.

"வீட்டுல எவ்வளவுன்னு சொன்னீங்க?"

"தொண்ணூத்தஞ்சு."

மாஸ்டர் மறுபடி தேய்க்கத் தொடங்கினார். பூபாலனே மேலே பேசினார். ஆள் பார்த்தால் கை கட்டிக்கொள்கிறது, அதற்கு ஏதாவது வழி இருந்தால் சொல்லித்தர வேண்டும் என்றார். பிறகு எதற்கு வந்தாரோ அதைக் கேட்டார்.

"இன்னும் ஒரு வருஷம் போதும்னு அவகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும் மாஸ்டர். நீங்க சொன்னா நம்புவா."

"நாளைக்கு அண்ணியையும் கூட்டிட்டு வாங்க," என்றார் மாஸ்டர்.

ஞாயிறு காலை மங்களேஸ்வரி ஷிப்டு முடிந்து நேரே அங்கே வந்தார். பசியாறக்கூட இல்லை. கடைவீட்டு மாடிப்படியை ஒவ்வொன்றாகப் பிடித்து ஏறினார். மாஸ்டர் உட்கார ஒரு நாற்காலியும் காலை நீட்டிக்கொள்ள இன்னொரு நாற்காலியும் போட்டார். இரண்டாவது நாற்காலி வேண்டாம் என்று மங்களேஸ்வரி கூச்சப்பட்டார். கொஞ்ச நேரம் கழித்து யாரும் பார்க்காதபோது காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மாஸ்டர் பூபாலனிடம் சொன்னது இவ்வளவுதான்.

"வீட்டுல எப்படி ஆடுவீங்களோ அப்படியே ஆடுங்க அண்ணே. எங்களுக்காக எதையும் மாத்தாதீங்க."

பூபாலன் கரும்பலகையில் ஐந்நூற்று ஒன்று என்று எழுதினார். கோட்டில் போய் நின்றார். மூச்சை இழுத்துவிட்டு எறிந்தார். நானூற்று ஒன்று. முந்நூற்றுப் பதினாறு. அடுத்த முறை மூன்று அம்பும் நெருக்கமாக விழுந்து நூற்று நாற்பது எடுத்தார். மீதி நூற்று எழுபத்தாறு. பிறகு நூற்றுப் பதினாறு. பிறகு முப்பத்தாறு. அம்புகளைப் பிடுங்கினார், டஸ்டரை எடுத்து முப்பத்தாறை அழித்தார், மறுபடி ஐந்நூற்று ஒன்று எழுதினார். நடை நிற்கவில்லை. இரண்டாவது ஆட்டம் நாற்பதுக்கு வந்தது. அழித்தார். மூன்றாவது இருபத்து நாலுக்கு வந்தது. அதையும் அழித்து ஐந்நூற்று ஒன்று எழுதினார்.

பிறகு மனைவியைப் பார்த்து, வழக்கமாகச் சொல்வது மாதிரியே சொன்னார்.

"தொண்ணூத்தி மூணரை."

மங்களேஸ்வரியின் கை பேனாவுக்காகக் கைப்பைக்குள் போனது. நாள்காட்டி வீட்டில் இருக்கிறது என்று அப்புறம்தான் நினைவு வந்தது.

"நாங்க ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டேதான் இருந்தோம். கை கட்டலயே அண்ணே," என்றார் மாஸ்டர்.

பூபாலனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பார்த்தாயா என்பதுபோல் மனைவி பக்கம் திரும்பினார். பாவம், அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. மங்களேஸ்வரி கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல முப்பத்தாறு மீதி இருந்துச்சே. அது எங்க போச்சு?"

"அதுவா? அது பயிற்சிக்குத் தேவையில்ல."

"தேவையில்லன்னா?"

பூபாலன் விளக்கினார். கடைசி அம்பு டபுளில் விழ வேண்டும், ஒரு ஆட்டத்தை முடிக்கச் சில நாள் பத்து அம்புகூட வீணாகிவிடும், அத்தனைக்கும் புள்ளி கிடையாது, சராசரி மளமளவென்று இறங்கிவிடும் என்றார். கை நன்றாக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தானே எறிகிறோம், அதற்கு முடிக்க வேண்டிய அவசியமில்லை, முடிப்பது தனி விஷயம் என்றார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கியது. வாயில் வந்த வார்த்தைகளை அவரே அப்போதுதான் முதல்முறை காதால் கேட்கிறார் போலிருந்தது.

மங்களேஸ்வரி மாஸ்டரிடம் திரும்பினார்.

"முடிக்காமலே ஜெயிக்க முடியுமா தம்பி?"

"முடியாது அண்ணி. யார் சுழியத்துல நிறுத்தறாங்களோ அவங்கதான் ஜெயிப்பாங்க."

"அப்ப அந்தத் தொண்ணூத்தஞ்சு?"

மாஸ்டர் எழுந்து போய் ஐந்நூற்று ஒன்றை அழித்துவிட்டு முப்பத்தாறு என்று எழுதினார். மூன்று அம்பைப் பூபாலன் கையில் கொடுத்தார்.

டபுள் பதினெட்டு. ஒரு அம்பு போதும். பூபாலன் கோட்டில் நின்றார். பலகை சற்று முன் இருந்த இடத்தில்தான் இருந்தது, வெளிச்சமும் அதேதான். முதல் அம்பு கம்பிக்கு வெளியே போய்க் குத்தியது. இரண்டாவது அதைவிட வெளியே போனது. மூன்றாவதை எறியாமல் ரொம்ப நேரம் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். எறிந்தார். அதுவும் வெளியே.

அவர் நேரே நடந்துபோய் டஸ்டரை எடுத்தார். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. கை தானாகப் போயிற்று.

"அழிக்காதீங்க," என்றார் மங்களேஸ்வரி.

பூபாலன் டஸ்டரோடு நின்றார்.

"முதல் ஆட்டத்தோட இதையும் சேர்த்தா எழுபத்தேழரை ஆயிடும் மங்களா."

"எழுபத்தேழரைன்னே சொல்லியிருக்கலாமேங்க. நான் அதையும் எழுதி வச்சிருப்பேனே."

இதற்கு அவர் கோபப்பட்டிருந்தால் பூபாலன் பிழைத்திருப்பார். கோபம் கொஞ்சமும் இல்லை. மங்களேஸ்வரி மெதுவாகக் காலை இறக்கினார். இரத்தம் இறங்கி வலி கண்ணில் தெரிந்தது, அது அடங்கும்வரை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு அந்த உட்கார்ற வேலைக்கே வர்றேன்னு சொல்லிடறேன். நீங்க எறியறதோ விடறதோ உங்க இஷ்டம். என்னால இனி நிக்க முடியாது."

மாஸ்டரிடம் போய்வருகிறேன் என்றார். படியில் ஒரு கால் வைத்து, மறு காலையும் அதே படிக்குக் கொண்டுவந்து, பிறகு அடுத்த படி என்று அவர் இறங்குவது மேலே கேட்டது. கேட்டுக்கொண்டே பூபாலன் நின்றார். கூடப் போய்க் கையைப் பிடித்திருக்க வேண்டும். போகவில்லை. மூன்று வருடம் ஒரு மனுஷியின் காலில் நின்றுகொண்டு எறிந்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போது விளங்கிவிட்டது. அந்த முகத்தோடு அவள் பக்கத்தில் போக வெட்கமாக இருந்தது. தாங்க முடியாத வெட்கம்.

கீழே தெருக்கதவு சாத்திய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவருக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது. அங்கே மாஸ்டர் ஒருவர்தான் இருந்தார்.

"மூணு வருஷம் உங்ககிட்ட வந்திருக்கேன் மாஸ்டர். பாதியில அழிச்சிட்டு ஆடறது தப்புன்னு ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தீங்கன்னா, நான் மாத்திக்கிட்டிருக்க மாட்டேனா? ஏன் சொல்லல?"

மாஸ்டர் பலகைக்குப் போய் மூன்று அம்புகளையும் பிடுங்கினார். திரும்பி வந்து மேசைமேல் வைத்தார்.

"இங்க என் முன்னாடி நீங்க ஒரு ஆட்டத்தைக்கூட அழிச்சதில்லயே அண்ணே. எத்தனை அம்பு போனாலும் கடைசி வரைக்கும்தான் ஆடினீங்க. வீட்டுல அழிக்கறீங்கன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."