மெழுகில் திரும்பிய காளை

ஆனைக்குறிச்சி அரசர் கீர்த்திமாறருக்கு இரண்டு பைத்தியங்கள். ஒன்று, பழைய நாணயங்களைச் சேர்ப்பது. இன்னொன்று, சேர்த்ததைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்வது. முதல் பைத்தியத்துக்குப் பொக்கிஷ அறை இருந்தது. இரண்டாவதற்கு நம்ம கூத்தபிரான் இருந்தார்.

பௌர்ணமிதோறும் அரண்மனையிலிருந்து 'நாணய ஓலை' புறப்படும். எந்த ஏரியைத் தூர்வாரும்போது என்ன காசு கிடைத்தது, யார் எதைக் கொடுத்து எதை மாற்றிக்கொண்டார், எது போலி, எல்லாம் அதில் இருக்கும். கூத்தபிரான் எழுதுவார், எழுத்தர்கள் படியெடுப்பார்கள், நாடெங்கும் காசு சேர்ப்பவர்கள் வீட்டுக்கு அது போய்ச் சேரும். இடையில் ஒரு காரியம் நடக்கும். அதைப் பற்றி மட்டும் அவர் வெளியே மூச்சு விடுவதில்லை. அவர் மனைவி கோமளம் ஓலையை ஒருமுறை படித்துப் பார்ப்பாள். "இந்த அரசர் அவருக்கு அப்பா இல்லை, பேரன்" என்பாள். "அதைத்தானே நானும் நினைத்தேன்" என்பார் கூத்தபிரான். சபையில் அவருக்குப் பெரிய அறிஞர் என்று பெயர்.

பொக்கிஷ அதிகாரி அனந்தவீரருக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும். ஒருநாள் சபையில் போட்டு உடைத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒரு மனிதராவது சொல்லி அனுப்பியதுண்டா என்று கேட்டார். ஓலையை ஒருத்தரும் தொடுவதே இல்லையாம். தன் வீட்டில் அது நேராக அடுப்புக்குப் போகிறது, ஓர் எழுத்துகூடத் தான் படித்ததில்லை என்று பெருமை வேறு பேசினார்.

அரசர் முகம் வாடிப்போயிற்று. கூத்தபிரான் பக்கம் திரும்பினார்.

"அடுத்த ஓலையை நாலு பேராவது படிக்கிறார்கள் என்று எனக்குக் காட்டும். ஆனால் படித்தீர்களா என்று யாரிடமும் போய்க் கேட்கக் கூடாது. அரண்மனை ஆள் கேட்டால் படிக்காதவனும் படித்தேன் என்பான். காட்ட முடியாவிட்டால் ஓலையை நிறுத்திவிடுகிறேன். நீர் யானைக் கொட்டடியைப் பார்த்துக்கொள்ளப் போகலாம்."

யானை தும்மினாலே கூத்தபிரானுக்குக் காய்ச்சல் வரும். அவர் பாடு போகட்டும், ஓலையை நம்பிப் பிழைக்கிற எழுத்தர்கள் எங்கே போவார்கள்? கேட்காமல் எப்படிக் காட்டுவது என்று தாடையைத் தடவித் தடவி யோசித்தார். பொல்லாத நேரம், தங்கையின் பிரசவத்துக்காகக் கோமளம் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். யோசனை வரவில்லை, பௌர்ணமிதான் வந்தது.

அந்த மாத ஓலைக் கட்டின் கடைசி ஏட்டில் அரசரின் பாட்டனார் வெளியிட்ட காளைக் காசைப் பற்றி எழுத வேண்டும். ஊருக்கெல்லாம் காசைப் பற்றி எழுதுகிறவரிடம் சொந்தமாக ஒரு பழைய காசு கிடையாது. பொக்கிஷத்தில்தான் கேட்டு வாங்க வேண்டும். அனந்தவீரர் அதைக் கையில் வைத்த வேகத்தில் திருப்பிக் கேட்டார். கூத்தபிரான் அவசரமாகத் தேன்மெழுகில் அழுத்தி அச்சு எடுத்துக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து, மெழுகைப் பார்த்து, 'காளை வலப்பக்கம் பார்த்து நிற்கிறது' என்று எழுதி அனுப்பினார்.

ஓலை போய்ச் சேர்ந்த மறுநாள் காலை அனந்தவீரர் மூச்சிரைக்கச் சபைக்குள் ஓடிவந்தார்.

"அரசே, உங்கள் பாட்டனாரின் காளை இடப்பக்கம் பார்க்கும். இந்த மனிதர் அதை வலப்பக்கம் திருப்பிவிட்டார். ராஜவம்சத்துக்கே அவமானம்."

மெழுகில் அழுத்தினால் இடம் வலமாகும் என்பது நாணயம் சேர்க்கிற எவருக்கும் தெரியும். கூத்தபிரானுக்கும் தெரியும், எழுதுகிற நேரத்தில்தான் தெரியாமல் போய்விட்டது. யானைச் சாணத்தின் வாசனை அப்போதே மூக்கில் ஏறியது.

அதற்குள் வாசலில் ஒரே கூச்சல். காவலன் வந்து, பெருங்கூட்டம் நிற்கிறது, ஓலை எழுதியவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறது என்றான். அரசர் உள்ளே விடச் சொன்னார். துறைமுகத்து மிளகு வியாபாரி, கோயில் பட்டர், ஓய்வுபெற்ற தளபதி என்று வரிசையாக வந்தார்கள். எல்லார் கையிலும் ஒரு காளைக் காசு. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மாதாமாதம் வரி விடாமல் படிக்கிற தனக்கு இப்படி ஒரு துரோகமா என்று வெற்றிலைக்கார அம்மாள் ஒருத்தி அழுதேவிட்டாள்.

வரி விடாமல் என்ற சொல் காதில் விழுந்ததும் கூத்தபிரானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அரசே, நான் யாரையும் கேட்கவில்லை. அவர்களாகவே வந்திருக்கிறார்கள். நன்றாக எழுதினால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு காளை திரும்பி நின்றதும் நாடே திரண்டுவிட்டது. அதிலும் முதலில் ஓடிவந்தவர் நம் அனந்தவீரர். காளை இருப்பது கடைசி ஏட்டின் கடைசி வரியில். அவர் வீட்டு அடுப்புக்குப் படிக்கத் தெரியுமோ என்னவோ."

அனந்தவீரர் விதானத்துச் சித்திரங்களை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அரசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இது தந்திரமா தப்பா, உண்மையைச் சொல்லும் என்றார்.

தந்திரம் என்று சொன்னால் காலத்துக்கும் பேர் நிற்கும். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்த வெற்றிலைக்கார அம்மாள் இன்னும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூத்தபிரானுக்கு மனசு கேட்கவில்லை. மெழுகு, அவசரம், கோமளம் ஊரில் இல்லாதது, இத்தனை நாளும் அவள் திருத்திக் கொடுத்தது, எல்லாவற்றையும் சபையில் கொட்டிவிட்டார்.

அரசர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். "ஓலை நிற்காது. இந்த மாதிரி சபை களைகட்டி நான் பார்த்ததே இல்லை. இனிமேல் ஒவ்வொரு ஓலையிலும் ஒரே ஒரு தப்பு இருக்க வேண்டும். இது என் உத்தரவு."

கூத்தபிரான் கைகூப்பினார்.

"அந்த உத்தரவைக் கோமளத்துக்கு அனுப்புங்கள் அரசே. ஒன்றை விட்டுவைத்து மற்றதையெல்லாம் திருத்த வேண்டியவள் அவள்தான்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். கோமளத்துக்கு ஒரு பட்டுப்புடவை பரிசு கிடைத்தது. கூத்தபிரானுக்கு அதைச் சுமந்துகொண்டு மாமனார் வீட்டுக்குப் போகிற பாக்கியம் கிடைத்தது.