பந்தி மௌனம்

அந்த மடத்தில் பந்தியில் யாரும் பேசுவதில்லை. மறந்து பேசியவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கை கழுவி, மற்றவர்கள் உண்டு முடிக்கும்வரை பரிமாற வேண்டும்.

மௌனத்தைக் காக்கும் பொறுப்பு ஏகாம்பரத்திடம் இருந்தது. சீடர்களில் மூத்தவர். அடுத்தவர் தும்மலைத் தன் புருவத்தாலேயே அடக்கிவிடுவார் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மனைவி இரண்டாம் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்ததால், ஆறு வயது மகள் செண்பகம் அவரோடு மடத்தில் தங்கினாள். அவள் கண்கள் திடீரெனச் சிமிட்டும். தோள் வெட்டி ஏறும். தொண்டையிலிருந்து ‘ஹுக்’ என்றொரு சத்தம் எழும்.

வைத்தியர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்: “வேணும்னு செய்யல. தானா வருது. அடக்கச் சொல்லாதீங்க.”

முதலிரண்டையும் ஏகாம்பரம் ஏற்றுக்கொண்டார். மூன்றாவது, மடத்தின் ஒழுங்கு தெரியாதவர் சொன்னது என்று ஒதுக்கிவிட்டார்.

முதல் நாள் பந்தி முடிந்ததும், நடேசன் என்ற சீடர் கை துடைத்துக்கொண்டே கேட்டார்.

“மகளைக் கூட்டிட்டு வந்தீங்களா, பல்லியைக் கூட்டிட்டு வந்தீங்களா? ஒவ்வொரு வாய்க்கும் சகுனம் சொல்லுதே!”

எல்லோரும் சிரித்தார்கள். செண்பகமும் சிரித்தாள், தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று புரியும்வரை.

அன்று மாலை ஏகாம்பரம் மகளை மடியில் இருத்திக்கொண்டார்.

“சாப்பிடற நேரம் மட்டும் அடக்கிக்கோ கண்ணு. முடியுமா?”

“முடிஞ்சா அம்மாகிட்ட சொல்லுவியா?”

“கட்டாயம் சொல்றேன்.”

மறுநாள் பந்தியில் அவளிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஏகாம்பரத்துக்குப் பெருமை தாங்கவில்லை. நேரே மடத்தின் தலைவியான ஆசிரியை மங்களநாயகியிடம் போனார்.

மங்களநாயகி அவரைவிடப் பத்து வயது இளையவர். தலைமைக்கு அங்கே வயது பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் ஏகாம்பரம்தான் அந்த இடத்தில் இருந்திருப்பார், மடம் தப்பித்தது.

“கவனிச்சீங்களாம்மா? பந்தியில மூச்சு விடல என் பொண்ணு.”

“கவனிச்சேன்.”

“அப்ப அடக்க முடியுதுதானே? நாள் முழுக்க அடக்க ஒரு வழி சொல்லுங்க. வழியில்லைன்னா சொல்லிடுங்க, நாளன்னிக்கிலேருந்து பின்கட்டுல தனியா உக்கார வச்சுடறேன். சபையில வேண்டாம்.”

“அவளைக் கேட்டீங்களா?”

“ஆறு வயசுப் பிள்ளையை என்னம்மா கேக்கறது?”

“நாளைக்குச் சாப்பிட்டுப் பேசலாம்” என்றார் ஆசிரியை.

மறுநாள் பந்தி. செண்பகம் தந்தைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடுகள் இறுகி வெளுத்திருந்தன. ஏகாம்பரம் சோற்றைப் பிசைந்தபடி ஓரக்கண்ணால் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘ஹுக்.’

“ஷ்ஷ்! செண்பகம்!”

பந்தி மொத்தமும் குழந்தையைத் திரும்பிப் பார்த்தது. பரிமாறிக்கொண்டிருந்தவர் சாம்பார் வாளியை அவளிடம் ஒப்படைக்க அவளை நோக்கிப் போனார். ஆசிரியை கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். வாளியைக் காட்டினார். பிறகு ஏகாம்பரத்தைக் காட்டினார்.

ஏகாம்பரம் மகளைச் சுட்டினார். ஆசிரியையின் விரல் அசையவில்லை.

அவருக்குப் புரிந்தபோது காதுமடல் சுட்டது. சத்தம் மகளுடையது. பேச்சு அவருடையது. எழுந்து கை கழுவி வாளியை வாங்கினார்.

பரிமாறுகிறவன் யாருடைய கழுத்தையும் பார்க்க முடியாது. இலையைத்தான் பார்த்தாக வேண்டும். நடேசனின் இலை துடைத்ததுபோல் இருந்தது. விரலால் இன்னும் கொஞ்சம் கேட்டார். ஏகாம்பரம் ஊற்றினார். அடுத்த இலை, அதற்கடுத்த இலை. பிறகு மகளின் இலை.

போட்ட சோறு போட்டபடி இருந்தது. குவியலின் ஓரத்தில், விரல் நுனியால் தொட்டதுபோல் ஒரு பள்ளம். பொரியல் கலையவில்லை. அப்பளம் உடையவில்லை. இடக்கை பாயின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

“நேத்தும் நீ சாப்பிடலையா?”

கேட்ட பிறகுதான், தான் மறுபடியும் பேசிவிட்டது அவருக்கு உறைத்தது. கவலைப்படவில்லை.

செண்பகம் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

“ஏன் கண்ணு?”

“வாயைத் திறந்தா வந்துடும்ப்பா.”

திறந்தாள், வந்துவிட்டது. ‘ஹுக், ஹுக்’ என்று அடுக்கடுக்காக வந்தது. தோள் வெட்டி வெட்டி ஏறியது. கண்கள் ஓயாமல் சிமிட்டின. இரண்டு நாள் அடக்கியதெல்லாம் அந்தச் சிறிய உடம்பைப் போட்டு உலுக்கியது. நடேசன் தன் இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சற்று அடங்கியதும் செண்பகம் பாயை ஊன்றி எழப் பார்த்தாள். பேசியவர் எழ வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும்.

“நீ உக்காரு கண்ணு. கேட்டவர் நிக்கிறாரே, போதும்” என்றார் ஆசிரியை.

சொன்ன கையோடு தானும் எழுந்தார். கை கழுவி, ரசப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பந்தியின் மறுமுனைக்கு நடந்தார். அவரும் பேசிவிட்டார் அல்லவா.

ஏகாம்பரம் மகளின் இலையருகே வாளியோடு நின்றிருந்தார்.

“அம்மா, இந்தச் சத்தம் எப்பத்தான் நிக்கும்?”

ஆசிரியை ஒருவருக்கு ரசம் ஊற்றி முடித்துவிட்டுத் திரும்பினார்.

“அது எனக்குத் தெரியாது ஏகாம்பரம். நின்னாலும் நிக்கும், நிக்காமலும் போகும். அவ பசி இப்பவே நிக்கும். ஊத்துங்க.”