கடைசி வரிசைக் குலம்

வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். ரொம்பக் காலத்துக்கு முன்னால், மேற்குக் கடலில் கிடக்கும் அயர்லாந்துத் தீவில் ஓர் அரசன் இருந்தான். அவனை விடுங்கள், கதை அவனுடையதில்லை. அவன் படையில் கோடரி ஏந்திய மக்டாரா குலத்தின் கதை.

படை முன்னேறினால் யார் வேண்டுமானாலும் முன்னே போகலாம். பின்வாங்கினால் கடைசி வரிசை மக்டாராக்களுக்கு. அதற்குத்தான் அவர்களுக்கு நிலமும் மாடும். குலத்தில் ஒரு கட்டளையும் உண்டு. பயம் என்று வாய்திறந்தவனைக் குலத்தைவிட்டே துரத்திவிடுவார்கள்.

ஒரு வருடம் அரசன் தோற்றான். காயம்பட்டவர்களும் பெண்டு பிள்ளைகளும் ஆற்றுத்துறையில் இறங்கிக் கடந்தார்கள். அவர்களுக்குக் காவலாகக் கரையில் மக்டாராக்கள். நடுவில் டர்லோ. காலையில் தகப்பன் களத்தில் விழுந்ததால் தலைவன் ஆனவன்.

எதிரே பனிமூட்டம். ஆள் தெரியவில்லை. முரசு மட்டும் கேட்டது. டர்லோவைப் பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை பேரில் நான் ஒருத்தன்தான் கோழை என்று நினைத்தான்.

"ஓடிப்போங்கள்! விட்டுவிடுகிறோம்!" பனிக்குள்ளிருந்து எதிரியின் குரல். யாரும் ஓடவில்லை. ஆனால் வரிசை ஓரடி பின்னே நகர்ந்தது.

மறுபடியும் குரல், இன்னும் கிட்டத்தில். மறுபடியும் ஓரடி.

மூன்றாம் தடவை குரலோடு குதிரைகளின் மூச்சும் கேட்டது. டர்லோவின் குதிகால் தண்ணீரில் நனைந்தது. திடுக்கிட்டு இருபுறமும் பார்த்தான். எல்லார் குதிகாலும் தண்ணீரில். ஒருவனும் அடுத்தவன் முகத்தைப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால், நடு ஆற்றில், பிள்ளைகள் அலறிக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஓரடி வைத்தால் ஓட்டம்தான்.

"எனக்குப் பயமாக இருக்கிறது!" என்று கத்தினான் டர்லோ.

வரிசை விறைத்தது. பக்கத்தில் நின்ற சித்தப்பா ஃபெலிம் காறித் துப்பினார்.

"சனியனே, இதை முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? என் முட்டி ரெண்டும் தாளம் போடுது."

"என்னைத் துரத்துவீங்களா, சித்தப்பா?"

"துரத்தணும்னா மொத்தக் குலத்தையும் துரத்தணும். தோளைக் கொடுடா!"

தோளோடு தோள் நெருங்கியது. வரிசை தண்ணீரைவிட்டு மேலேறியது. அப்போதுதான் பனியைக் கிழித்துக்கொண்டு குதிரைகள் வந்தன.

கடைசிப் பிள்ளை அக்கரை ஏறும்வரை மக்டாராக்கள் இடம்விட்டு அசையவில்லை. பாதிப்பேர் அங்கேயே விழுந்தார்கள். ஃபெலிமும் விழுந்தார். அவர் உடலைச் சுமந்துகொண்டு டர்லோ ஆற்றைக் கடந்தான்.

பயத்தை ஒளிக்கிறவன் அடியடியாகப் பின்னால் போவான், ஒப்புக்கொள்கிறவனே நிற்பான்.